தவளை வண்டியை ஓட்டிச் சென்றது குறித்து

எனது பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம் ஆகியவற்றை நிலைய எழுத்தர் முதல் தாளில் எழுதிவிட்டார். வயது இருபத்தேழு. படிப்பு இயந்திரவியல் பட்டயம். தொழில், லாரி கியர்பாக்ஸ்களைப் பிரித்துச் சரிசெய்யும் பணிமனையில் ஷிப்டு மேற்பார்வை. என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. நான் சொல்லச் சொல்ல எழுத்தர்தான் எழுதத் தொடங்கினார். 'கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர்' என்ற இடத்தில் மூன்று முறை அடித்து எழுதிவிட்டு, "தம்பி, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, எனக்கு பிரஷர் ஏறுது" என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். ஆகவே இதை என் கைப்பட எழுதுகிறேன். எழுதும்போது நான் அணிந்திருக்கும் சட்டை இந்த நிலையத்துத் தலைமைக் காவலருடையது. அதன் காரணம் பின்னால் வரும்.

புகாரில் கண்ட வாகனம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத, பச்சை நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். என் வயதைப் போல இரண்டு மடங்கு அதற்கு. முன்விளக்குகள் இரண்டும் பானெட்டின் மேல் முழித்துக்கொண்டு நிற்பதால் வீட்டில் அதற்குத் தவளை என்று பெயர். உரிமையாளர் என் அண்ணி. பல் மருத்துவர். வேலைக்குப் போன முதல் மூன்று வருடத்தில் அவரே சேர்த்து வாங்கிய வண்டி. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது என்பதை அண்ணனுக்கு மாதம் ஒரு முறையாவது நினைவூட்டுவார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு வயது பதினாறு. வந்த மூன்றாம் நாள் ஒரு துணியை என்னிடம் நீட்டி, "ஓட்டத் தெரியாதுல்ல? துடைக்கவாவது தெரியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து தவளையைத் துடைப்பவன் நான்.

ஆறு மாதத்துக்கு முன்பு அண்ணியின் பிறந்த நாள் வந்தது. இன்ஜின் சூடு காலடித் தகட்டின் வழியாக ஏறிப் பாதம் வேகிறது, சத்தமும் தாங்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் நான் காலடிக்கு ஒரு விரிப்பு செய்தேன். மேலே நல்ல கம்பளம், அதன் அடியில் கெட்டி ஃபெல்ட் இரண்டு அடுக்கு. மூன்றையும் சேர்த்து, கோணி ஊசியால், தினமும் வேலை முடிந்து வந்து, ஒன்பது நாள் உட்கார்ந்து தைத்தேன். அந்தத் தையலை ஆய்வாளர் இன்று பார்த்தார். நேர்த்தியாக இருக்கிறது என்றார்.

விரிப்பைப் போட்ட பிறகு பத்து நாள் விடாத மழை, கூரையில்லாத தவளை வீட்டிலேயே நின்றது. மழை விட்டு வெளியே எடுத்த அன்றே கோளாறு ஆரம்பித்தது. அண்ணி மருத்துவமனையிலிருந்து வந்து, சாவியை மேசையில் போட்டுவிட்டு, "டேய் இன்ஜினியரே, தவளை பல்லைக் கடிக்குதுடா" என்றார். ஓட்டிப் பார்த்தேன். நிற்கும்போது முதல் கியர் கரகரத்துக்கொண்டுதான் ஏறியது. ரிவர்ஸ் கேட்கவே வேண்டாம். ஓட்டத்தில் மூன்றும் நான்கும் எப்படியோ விழுந்தன. ஆனால் இரண்டாவது, முழங்கையால் தள்ளினாலும் உள்ளே போக மறுத்துக் கியர் கம்பியைத் திருப்பி அடித்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, எப்ப இருந்து வலின்னுதான். இதுக்கு எப்ப இருந்து? புதுசா என்னடா செஞ்சோம்?" என்று கேட்டார். "ஒண்ணும் செய்யலையே அண்ணி" என்றேன். இது தெரிந்து சொன்ன பொய் அல்ல. விரிப்பு என்பது வண்டிக்குச் செய்த வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. அது பரிசு.

அதன் பிறகு கியர் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினேன். பயனில்லை. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோய், செயின் பிளாக்கில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகத் தூக்கி இறக்கி, கியர்பாக்ஸைப் பிரித்து, பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்கள் நான்கையும் மாற்றினேன். பூட்டியபின் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, முதல் கியர், இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு விரலால் போட்டேன். பணிமனையில் இருந்தவர்களைக் கூப்பிட்டும் போட்டுக் காட்டினேன். அதன் பிறகு வீட்டுக்கு ஓட்டிவந்தேன். முதல் திருப்பத்திலேயே இரண்டாவது விழவில்லை.

மறுமாதம் திரும்பவும் இறக்கினேன். கிளட்ச் பிளேட்டை மாற்றினேன். கியரை நகர்த்தும் கவைகளை மாற்றினேன். மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் இரண்டிலும் ரப்பர் மாற்றி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினேன். கிளட்ச் முழுதாக விலகுகிறதா என்று சந்தேகம் வந்ததால் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, கீழே படுத்து, கிளட்சைத் தள்ளும் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று எஃகு அளவுகோல் வைத்து அளந்தேன். பதின்மூன்று மில்லிமீட்டர். பதினொன்று இருந்தாலே போதும். அளவு பொய் சொல்லாது என்பது என் கட்சி. ஆகவே கிளட்ச் குற்றமற்றது என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். பணிமனையில் மறுபடி எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. தெருவில் மறுபடி விழவில்லை.

இந்த இடத்தில் என் வேலை முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு முறையும், காலடி விரிப்பைக் கழற்றிச் சுருட்டி, கிரீஸ் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவேன். எல்லாம் முடிந்து, சோதித்துப் பார்த்து, கை கழுவிய பிறகுதான் அதைத் திரும்ப விரிப்பேன். விரித்து ஓரங்களை அமுக்கிவிட்ட பிறகே வண்டி தெருவுக்குப் போகும். ஒரு தடவைகூட இது தவறியதில்லை. நான் ஒழுங்கான ஆள்.

பணிமனையில் என்னைக் கேலி செய்தார்கள். "இருபது டன் லாரியெல்லாம் உன் பேச்சைக் கேக்குது, ஒரு தவளை கேக்க மாட்டேங்குதே" என்றார் வெல்டிங்காரர். சிரிக்கத்தான் செய்தார்கள், தவறில்லை. நான்தான் யாரோடும் இரண்டு வாரம் டீ குடிக்கவில்லை.

அதன் பிறகு சென்ற மாதம், பாலத்து ஏற்றத்தில் பாதியில், அண்ணி முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கியர் விழாமல் வண்டி நின்று பின்னால் உருண்டது. பின்னால் தண்ணீர் லாரி. அதன் பம்பரில் தவளை இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. லாரிக்காரர் இறங்கிவந்து, திட்டப் போனவர், அண்ணியின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாராம். அன்று மாலை அண்ணி என்னிடம், "நீ என்ன செய்வ பாவம். எனக்குப் பயமாயிடுச்சுடா, வித்துடலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து பேருந்தில் போனார்.

வாங்க முன்வந்தவர் இந்தப் புகாரைக் கொடுத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர். அவரிடம் ஏற்கெனவே ஏழு பழைய கார்கள் உறை போட்டு நிற்கின்றன. ஒன்றும் ஓடுவதில்லை. அவற்றைத் துடைக்கத் தனியாக ஆள் இருக்கிறார். தவளைக்கு எட்டாவது உறை தைத்தாயிற்று என்று அவர் சொன்னபோது நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். முன்பணம் எதுவும் கை மாறவில்லை. ஒரு கடிதம் மட்டும் எழுதிக்கொண்டார்கள். அவர் விவரமானவர். பின்னால் பேச்சு வரக்கூடாது என்று, 'இரண்டாவது கியர் விழாத நிலையில் உள்ள பச்சை நிற வாகனம்' என்றே அதில் எழுதச் சொன்னார். இன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியைக் கைமாற்றிக்கொள்வதாக இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள்.

இன்று காலை எட்டரைக்கு அண்ணி மருத்துவமனைக்குப் போனார். வண்டி போகும்போது தான் இருக்கப் போவதில்லை, சாவியை நீயே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் ஊரில் இல்லை. நான் கடைசியாக ஒரு முறை துடைக்கலாம் என்று, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அரைக்கால் சட்டையும் பனியனுமாக, வாளியில் சோப்பு கலக்கி வண்டியைக் கழுவத் தொடங்கினேன். பனியனும் நனைந்துவிட்டதால் அதையும் கழற்றினேன். குழாய்த் தண்ணீர் கொஞ்சம் ஓட்டுநர் பக்கம் உள்ளே போய் விரிப்பு நனைந்தது. ஈர விரிப்போடு கொடுத்தால் மரியாதையில்லை என்று அதை உருவித் துணிக்கொடியில் போட்டேன். அதன் பிறகு நிழலில் நின்ற வண்டியைக் கேட் பக்கம் நகர்த்தலாம் என்று உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன்.

ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை. வண்டி அணைந்துவிட்டதோ என்று மீட்டரைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியர் போட்டேன், போனது. நான்கடி நகர்ந்து இரண்டாவது போட்டேன். போனது. கையை எடுத்துவிட்டேன். வண்டியை நிறுத்தி, வெறுங்காலால் கிளட்ச் பெடலை மெதுவாக அமுக்கினேன். பெடல் போய், போய், மேலும் போய், தகட்டில் டங்கென்று இடித்தது. ஆறு மாதமாக அந்தச் சத்தத்தை நான் தெருவில் கேட்டதில்லை. நிமிர்ந்து கொடியைப் பார்த்தேன். விரிப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். விரிப்பின் கனம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர். பெடல் முழுதாக இறங்கப் பார்த்தால் ஃபெல்ட் அதற்கு மெத்தை போட்டுப் பாதி வழியில் உட்கார வைத்துவிட்டது. பெடல் நாலு சென்டிமீட்டர் குறைந்தால் கீழே கம்பி நாலு மில்லிமீட்டர் குறையும். பதின்மூன்று ஒன்பதாகிவிடும். கிளட்ச் அரைகுறையாக விலகும். கியர் எப்படி விழும்? நான் அளந்த நேரத்திலெல்லாம் விரிப்பு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. குறை என் தையலில் இருந்தது.

அப்போது மணி ஒன்பது நாற்பது. நான் யோசித்திருக்க வேண்டும், சட்டை போட்டிருக்க வேண்டும், உரிமத்தையும் தொலைபேசியையும் எடுத்திருக்க வேண்டும். எதையும் செய்யவில்லை. கேட்டைத் திறந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே ஒருவர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது தெரியும். அது கண்ணாடிக் கடைக்காரர், இருபது நிமிடம் முன்னதாக வந்திருக்கிறார் என்பது அப்போது மூளையில் ஏறவில்லை. அவரைக் கடக்கும்போது நான் இரண்டாவது கியர் போட்டு, "விழுந்துடுச்சு!" என்று கத்தியது உண்மை. புகாரில் அவர் 'சட்டையில்லாத, உடம்பெல்லாம் நுரையுடன் கூடிய நபர்' என்று எழுதியிருப்பதும் உண்மை. நுரை பானெட்டிலிருந்து காற்றில் என் மேல் பறந்தது. ஆனால் 'தப்பி ஓடினார்' என்பதை மறுக்கிறேன். தப்பி ஓடுபவன் தெரு முழுக்கக் கூவிக்கொண்டு போக மாட்டான்.

நேராக அண்ணியின் மருத்துவமனைக்குப் போய்ச் சொல்வதுதான் என் எண்ணம். வழியில் ரவுண்டானா வந்தது. அங்கே வேகம் குறைக்க இரண்டாவது, வெளியேற மூன்றாவது. இரண்டாவது விழுந்தது. இன்னொரு தடவை விழுகிறதா பார்க்கலாம் என்று வெளியேறாமல் சுற்றினேன். திரும்பவும் விழுந்தது. நான்கு சுற்று என்று நினைக்கிறேன். தலைமைக் காவலர் ஆறு என்கிறார். அவர் நின்று எண்ணியவர், நான் சுற்றியவன். அவர் கணக்கையே ஏற்கிறேன். ஆறாவது சுற்றில் அவர் கையைக் காட்டினார். நிறுத்தினேன். உரிமம் கேட்டார், இல்லை என்றேன். வண்டியின் பதிவுப் புத்தகம் கேட்டார், இல்லை என்றேன். சட்டை எங்கே என்று கேட்டார். கொடியில் இருக்கிறது என்றேன். அதற்குள் அவருடைய வயர்லெஸ்ஸில் பச்சை வண்டி என்று வந்துவிட்டது.

அதன் பிறகு அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு நிலையத்துக்கு ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். முதல் சிக்னல்வரை விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். இரண்டாவது சிக்னலில், "எங்க, போடு பாப்போம்" என்றார். போட்டேன். "சத்தமே இல்லையேய்யா" என்றார். அதன் பிறகு நேர் வழியை விட்டுவிட்டுச் சந்தைத் தெரு வழியாகப் போகச் சொன்னார். அங்கே திருப்பங்கள் அதிகம். இதைக் குற்றமாகக் குறிப்பிடவில்லை, வரிசைப்படி எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். தொப்பியை அவர் மடியில் வைத்துக்கொண்டார். நிலையம் வந்ததும், பெண் காவலர்கள் இருக்கிற இடம் என்று சொல்லித் தன் பெட்டியிலிருந்து இந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

நிலையத்தில் கண்ணாடிக் கடைக்காரர் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மேல் வண்டி தன்னுடையது என்றார். அது சரியான பேச்சுதான். என் பயமெல்லாம் அதுதான். கோளாறு கண்டுபிடித்த அன்றே வண்டி போய்விடும், உறைக்குள் நிற்கும், இரண்டாவது கியர் யாருக்கும் விழாது. ஆய்வாளர் அண்ணியின் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். ஒரு காவலரை வீட்டுக்கு அனுப்பி என் உரிமத்தையும் அந்த விரிப்பையும் எடுத்துவரச் செய்து, தன் மேசை அளவுகோலால் அளந்தார். முப்பத்தெட்டுதான்.

பத்தே முக்காலுக்கு அண்ணி வந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது. உள்ளே வந்ததும் ஆய்வாளரைப் பார்க்கவில்லை, கடைக்காரரைப் பார்க்கவில்லை. "இது யாரு சட்டைடா?" என்றார். நான் விரிப்பைக் காட்டி, அளவுகோலைக் காட்டி, பெடல் எவ்வளவு இறங்கும் என்று உள்ளங்கையை வைத்துக் காட்டினேன். அவர் விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நான் எப்ப இருந்து வலின்னு கேட்டேனே, அன்னைக்கு நீ..." என்றார். "ஆமா அண்ணி" என்றேன். "ரெண்டு தடவை இன்ஜினை இறக்கினியே..." என்றார். "ஆமா அண்ணி." அவர் உதட்டை மடித்துக்கொண்டு சுவரில் இருந்த குற்றவாளிகள் படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஆய்வாளர் நாற்காலி போடச் சொன்னார். அவர் அழவில்லை.

அதன் பிறகு அண்ணி, ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டார். பிடித்துவைத்த மோட்டார் சைக்கிள்களுக்கும் மரத்துக்கும் நடுவே நிலைய முற்றத்தில் ஒரு சுற்று என்று ஆய்வாளர் சொன்னார். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மரத்தைச் சுற்றினார். முதல் கியர், இரண்டாவது. சத்தம் வரவில்லை. அதன் பிறகு கேட் திறந்திருப்பதைப் பார்த்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே போய்விட்டார். ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இப்ப இந்தம்மாவுமா? இதுக்குத் தனியா ஒரு எஃப்.ஐ.ஆர். போடணுமா?" என்றார். எழுத்தர் பேனாவை மூடிவிட்டார்.

பதினான்கு நிமிடம் கழித்து வண்டி திரும்பியது. அண்ணியின் தலைமுடி ஒரு பக்கமாகக் கிடந்தது. பாலத்துக்குப் போயிருக்கிறார். ஏற்றத்தில், அதே பாதியில், வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, கைபிரேக்கை எடுத்து, முதல் கியரில் கிளப்பி, இரண்டாவது போட்டு மேலே ஏறியிருக்கிறார். இறங்கி வந்து திரும்பவும் ஒரு முறை. கை நடுங்கியதா என்று கேட்டேன். நீட்டிக் காட்டினார். நடுங்கவில்லை.

அதன் பிறகு அவர் கண்ணாடிக் கடைக்காரரிடம் போய், "சார், மன்னிச்சுக்குங்க. இரண்டாவது கியர் விழாத வண்டியைத் தர்றதாத்தான் எழுதிக் குடுத்தேன். அப்படி ஒரு வண்டி இப்ப என்கிட்ட இல்ல" என்றார். கடைக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அந்த வரியை எழுதச் சொன்னவர் அவர்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நானும் ஒரு ரவுண்டு உக்காந்து வரலாமாம்மா?" என்று கேட்டார். அண்ணி கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது அவரும் தலை கலைந்து, முகம் மலர்ந்து, நுரையில்லாமலே காலையில் நான் இருந்த கோலத்தில்தான் இருந்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். போகும்போது என்னை ஓரமாக அழைத்து, தன்னிடம் நிற்கும் ஏழில் ஒன்றாவது ஓடுமா, வந்து பார்க்க முடியுமா என்றார். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பேன்.

திருட்டு என்ற குற்றத்தை மறுக்கிறேன். உரிமம் கையில் இல்லாமல் ஓட்டியது, ரவுண்டானாவில் ஆறு முறை சுற்றியது ஆகியவற்றை ஒப்புக்கொள்கிறேன், அபராதம் கட்டுகிறேன். யாரும் கேட்காத ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதம் என் அண்ணியின் வண்டியைக் கெடுத்து வைத்திருந்தது நான்தான். வெளியாள் எவரும் இதில் சம்பந்தப்படவில்லை.

இதுவரை எழுதியதை நானே உரக்கப் படித்தேன், அண்ணியும் தலைமைக் காவலரும் கேட்டார்கள். இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. யாரும் மிரட்டி வாங்கவில்லை. வெளியே அண்ணி ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பதால் கடைசிப் பத்தியின் கையெழுத்து சரியாக இல்லை, மன்னிக்கவும். சான்றுப் பொருளாக மேசை மேல் இருக்கும் விரிப்பை நிலையமே வைத்துக்கொள்ளலாம். திருப்பித் தர வேண்டாம்.

(கையொப்பம்)